நகரம் சமைக்கும் விளையாட்டு

கணிப்பொறித் திரையில் ஆடப்பெறும் விளையாட்டுக்களுட் பல, ஒன்றைச் சுட்டு வீழ்த்துதலையோ ஒருவரை முந்திச் செல்லுதலையோ நோக்கமாக உடையன. 'சிம்சிட்டி' என்பது அவற்றின் வேறானது. வெறுநிலத்தில் ஒரு நகரை எழுப்பி, அதனைப் பேணுதலே இதன்கண் ஆடுவோன் தொழில். ஆட்டம் இவ்விடத்து முடிந்தது என்னும் வரையறையும் இல்லை.

இதனை இயற்றியவர் வில் ரைட் என்னும் அமெரிக்கர். 1984-இல் அவர் வெளியிட்ட முதல் விளையாட்டு, ஹெலிகாப்டரிற் பறந்து தீவுகளைக் குண்டெறிந்து அழிப்பது. அத்தீவுகளை அழிப்பதினும் அவற்றை வரைந்து அமைப்பதே தமக்கு இன்பந் தருவதை அவர் கண்டார். அதன் பயனாக 1989-இல் சிம்சிட்டி வெளிவந்தது.

எளிய நிலையில் ஆடுவோனுக்கு 20,000 டாலர் கையிருப்பு. கடிய நிலையில் 5,000 டாலரே. நிலக்கரி மின்நிலையத்தின் விலை 3,000 டாலர். அணுமின் நிலையத்தின் விலை 5,000. கடிய நிலையிற் புகுந்தவன் அணுமின் நிலையங் கட்டுவானாயின், கம்பி இழுக்கவுங் காசின்றி நிற்பான்! நிலக்கரியை நாடின், எஞ்சிய 2,000 டாலரைக்கொண்டு சாலையும், குடியிருப்பு, வாணிகம், கைத்தொழில் என்னும் மூவகைப் பகுதிகளும் வகுத்தல் வேண்டும். புகையோ நிலமதிப்பைக் குறைத்துவிடும். வீடுகளை அவன் கட்டுவதில்லை என்பது கருதத்தக்கது. நிலத்தை வகுத்து, மின்னும் வழியும் தருவதோடு அவன் வேலை முடிகிறது. வருவதும் வராதொழிவதும் குடிகளின் விருப்பம். வரியை உயர்த்தினால் குடிகள் பெயர்வர். குறைத்தாலோ சாலையைப் பழுதுபார்க்கப் பணமிராது.

குடிகளின் விருப்பம் என்றோம். அவ்விருப்பத்தை வகுத்தவர் யார்? ஈண்டே மாணவர் ஊன்றி நோக்கவேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜே பாரஸ்டர் 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். நகரத்தின் வளர்ச்சியையும் தேய்வையும் சமன்பாடுகளாக்கிக் கணிப்பொறியில் ஓட்டிக் காட்டிய நூல் அது. பாஸ்டன் மேயராயிருந்த ஜான் காலின்ஸின் துணையும் அதற்கு இருந்தது. ஏழைகட்குக் குறைந்த விலையில் வீடு கட்டித்தருதல் நாளடைவில் நகரத்திற்குத் தீங்காகவே முடியும் என்பது அதன் துணிபுகளுள் ஒன்று. சூழவுள்ள புறநகர்களைத் தக்கவாறு கணக்கிற் கொள்ளவில்லை என்று பலர் அதனை மறுத்தனர். ரைட் தம் விளையாட்டை அமைத்தபோது கற்றவற்றுள் இந்நூலும் ஒன்று.

தம் விருப்பத்தையும் அவர் கலந்தார். சாலையே இன்றித் தண்டவாளம் மட்டும் இட்டு ஆடினால் நெரிசல் தோன்றாது, நகரமும் செழிக்கும். ஆடுவோனோ, நகரங்களின் இயற்கையே இது என்று எண்ணிக்கொள்கிறான். ஓர் அறிஞரின் அபிப்பிராயம் இங்ஙனம் இயற்கை விதியின் வேடம் பூணுகிறது. புத்தகத்திலாயின், உடன்படாத இடத்தில் ஓரக்குறிப்பேனும் எழுதுவோம். விளையாட்டில் அதற்கு இடமேது?

இவ்விதிகளை இறுதிவரை பின்பற்றினால் விளைவது யாது? 2010-இல் உலகிற்குத் தெரியவந்த ஒரு நகரம் இதற்கு விடை. பிலிப்பைன்ஸ் நாட்டுக் கட்டிடக்கலை மாணவர் ஒருவர், இவ்வரிசையிற் பின்வந்த 'சிம்சிட்டி 3000'-இல், சில ஆண்டு கணக்கிட்டு, 60 லட்சம் மக்கள் வாழும் நகரொன்றை அமைத்தார். விளையாட்டின் கணக்குப்படி அது குறைகாண வொண்ணாதது. ஆயின் அங்குள்ளோர் ஐம்பதாண்டுக்குமேல் உயிர்வாழ்வதில்லை. அக்கொடுமையைக் காட்டுதற்கென்றே அவர் அதனை அமைத்தார்.

நிற்க. முதற் சிம்சிட்டியின் நிரல் முழுவதும் 'மைக்ரோபோலிஸ்' என்னும் பெயரால் 2008-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எந்த அளவு வரிக்குக் குடிகள் பெயர்வர் என்று எழுதிய விதியை இன்று எவரும் அதிற் படிக்கலாம்; வேண்டுமாயின் மாற்றியெழுதி, வேறு விதியுடைய நகரையும் ஆடிப் பார்க்கலாம்.