செட்டிநாட்டு ராஜா ஒரு ஆலிகார்க்கா? 1929-ல் வந்த இரண்டு பரம்பரை உரிமைகள்

உக்ரைன் போர் தொடங்கின நாளிலிருந்து ‘ஆலிகார்க்’ என்ற சொல் நம்ம ஊர்ப் பத்திரிகைகளிலும் சகஜமாகிவிட்டது. ‘பெரும் பணக்காரர்’ என்று சிலர் எழுதுகிறார்கள், ‘தொழிலதிபர்’ என்று சிலர். இரண்டும் போதாது. பணம் மட்டும் இருந்தால் ஆலிகார்க் ஆகிவிட முடியாது. பணத்தைக் கொண்டு அரசுக்குள் நுழைந்து, அரசைக் கொண்டு பணத்தைப் பெருக்கி, பெருகியதைக் காப்பாற்ற மறுபடியும் அரசியலில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிறவர்தான் ஆலிகார்க்.

ஒரு உதாரணம் போதும். கிரிவோரிஷ்ஸ்டால் என்பது உக்ரைனின் மிகப் பெரிய எஃகு ஆலை. 2004-ல் அரசு அதை விற்றபோது வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தொனெத்ஸ்க் பகுதியின் நிலக்கரி, எஃகு முதலாளி ரினாத் அக்மேத்தொவ். இன்னொருவர் விக்டர் பின்சுக், அப்போதைய அதிபர் குச்மாவின் மருமகன். விலை சுமார் 80 கோடி டாலர். ஆட்சி மாறியது, விற்பனை ரத்தானது, 2005-ல் டிவியில் நேரடி ஒளிபரப்போடு மறு ஏலம் விட்டார்கள். நம்ம லட்சுமி மிட்டல் 480 கோடி டாலருக்கு எடுத்தார். ஒரே ஆலை, ஒரே வருஷம், ஆறு மடங்கு வித்தியாசம். அக்மேத்தொவ் 2006-லிருந்து 2012 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் காரைக்குடிக்காரனான எனக்கு ஒரு கேள்வி வரும். இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டரில் கானாடுகாத்தான். அங்கே அரண்மனை கட்டி, வங்கி நடத்தி, பல்கலைக்கழகம் தொடங்கி, சட்டசபைக்கும் டெல்லிக்கும் போன ஒரு குடும்பம் இருக்கிறதே, அவர்களை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? சில வருஷமாகச் சேர்த்த குறிப்புகளை வைத்து இதை எழுதுகிறேன்.

அண்ணாமலை செட்டியார் பிறந்தது 1881-ல், கானாடுகாத்தானில், சா.ராம.மு. குடும்பத்தில். மற்ற நகரத்தார் குடும்பங்களைப் போலவே இவர்களுக்கும் தொழில் லேவாதேவி, களம் பர்மா. எங்கள் பக்கத்தில் இதைக் ‘கொண்டுவிக்கப் போறது’ என்பார்கள். ரங்கூன் முகல் தெருக் கிட்டங்கியில் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் மேலாள் முதலாளி இல்லை. மூன்று வருஷத்துக்குச் சம்பளச் சீட்டு எழுதி அனுப்பப்பட்டவர். முதலாளி செட்டிநாட்டிலோ சென்னையிலோ இருப்பார். ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயிக்கு விதை, கூலி, நிலம் எல்லாவற்றுக்கும் கடன் கொடுத்தது பெரும்பாலும் இந்தப் பெட்டிகள்தான். 1929-30-ல் பர்மா வங்கி விசாரணைக் குழு போட்ட மதிப்பீட்டின்படி, பர்மாவில் நகரத்தார் மொத்த நடைமுதல் சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி.

முதல் வித்தியாசம் இங்கேயே தெரிகிறது. உக்ரைன் முதலாளிகளின் ஆரம்பச் சொத்து, அரசு கட்டிய ஆலைகளைச் சல்லிசாக வாங்கியதில் வந்தது. செட்டிநாட்டுப் பணம் அப்படி வந்ததில்லை. அது வட்டிப்பணம், வெளிநாட்டுப் பணம். பிரிட்டிஷ் கோர்ட்டும் பிரிட்டிஷ் பத்திரப்பதிவும் பின்னால் இல்லையென்றால் டெல்டாவில் ஒரு கடனையும் வசூலித்திருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அது ஆட்சியின் நிழல். ஆட்சியில் பங்கு என்று சொல்ல முடியாது.

ஆட்சியில் பங்கு மெல்லத்தான் வந்தது. 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரன் கம்பெனியை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கான பேர் தெருவுக்கு வந்தார்கள். வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார். நகரத்தார் முதல் போட்டார்கள். அண்ணாமலை செட்டியாரின் அண்ணன் ராமசாமி செட்டியார் தொடக்க கால இயக்குநர்களில் ஒருவர். பிறகு அண்ணாமலை செட்டியாரே டெல்லியில் கவுன்சில் ஆஃப் ஸ்டேட் உறுப்பினரானார். 1923-ல் சர் பட்டம்.

அந்தக் கவுன்சில் எப்படிப்பட்ட சபை என்று பார்க்கணும். இந்தியா முழுக்க அதற்கு ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர்கள் சுமார் 17,000 பேர். இன்று ஒரு நடுத்தரப் பேரூராட்சியில் அவ்வளவு வாக்காளர்கள் இருப்பார்கள். சென்னை மாகாண சட்டசபைக்கு ஓட்டு இருந்தது நூற்றுக்கு மூன்று பேருக்கு. அதிலும் தனித் தொகுதிகள் உண்டு: ஜமீன்தார்களுக்கு, ஐரோப்பிய வணிகர்களுக்கு, தோட்ட முதலாளிகளுக்கு. நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கென்றே ஒரு இடம் இருந்தது. ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டமன்ற உறுப்பினரை அனுப்பலாம்! உக்ரைன் முதலாளி டிவி சேனல் வாங்கி, கட்சிக்குப் பணம் கொட்டி ஜனங்களைத் தன் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. இங்கே அந்தச் செலவே இல்லை. பணக்காரர்களுக்கான இடத்தைச் சட்டமே ஒதுக்கி வைத்திருந்தது.

அந்த உலகத்தில்தான் மகன் முத்தையா செட்டியார் வளர்ந்தார். 1905-ல் பிறந்தவர். 1930 தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்து முனுசாமி நாயுடு முதல் மந்திரியானார். நாயுடு ஜமீன்தார் இல்லை. கட்சிக்குள் இருந்த ஜமீன்தார்களுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும் அவர் மேல் திருப்தியில்லை. அவரை எதிர்த்து உள்ளுக்குள்ளே உருவான ‘ஜிஞ்சர் குரூப்’புக்குத் தலைமை தாங்கியவர் இருபத்தைந்து வயது தாண்டிய முத்தையா செட்டியார். 1932 நவம்பரில் நாயுடு ராஜினாமா செய்ய, பொப்பிலி ராஜா முதல் மந்திரியானார். 1933-ல் சென்னை மாநகராட்சியில் மேயர் பதவி மறுபடி வந்தபோது முதல் மேயர் முத்தையா செட்டியார். பொப்பிலியோடு உறவு கசந்தது, பிறகு ஒட்டியது. 1936-ல் மந்திரி. 1937-ல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் மூன்றரை மாதம் நடந்த இடைக்கால மந்திரிசபையிலும் அவர் இருந்தார். அதற்கு முன்பே தேர்தலில் கட்சி 215-ல் 18 இடத்துக்குச் சுருங்கிவிட்டது. வாக்காளர் எண்ணிக்கையைக் கூட்டினவுடனே இந்த அரசியல் சரிந்ததைக் கவனியுங்க.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1929. அந்த ஒரே வருஷத்தில் இந்தக் குடும்பத்துக்கு இரண்டு பரம்பரை உரிமைகள் வந்தன. ஒன்று ‘செட்டிநாட்டு ராஜா’ பட்டம், தந்தைக்குப் பின் மகனுக்குப் போவது. எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். இன்னொன்று சிதம்பரத்தில்.

அண்ணாமலை செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு மற்ற கல்லூரிகளும் சேர, 20 லட்சம் ரூபாயும் தந்து, பல்கலைக்கழகம் கேட்டார். சட்டசபை 1928-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றியது, 1929-ல் பல்கலைக்கழகம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் ‘நிறுவனர்’ என்று ஒரு பதவி. நிறுவனரே இணைவேந்தர். அவருக்குப் பின் அவர் வாரிசு. துணைவேந்தர் பதவிக்கு அவர் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் வேந்தரான கவர்னர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியும். நிர்வாக சபைகளுக்கு ஆள் நியமிக்கும் உரிமையும் உண்டு. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், குடும்பத்தின் பெயரைச் சட்டத்திலேயே ஹார்ட்கோட் செய்துவிட்டார்கள். கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வது ஒரு ரகம். இது வேறு ரகம். அரசு மானியமும் பட்டம் தரும் அதிகாரமும் உள்ள ஒரு பொது நிறுவனத்தில் ஒரு குடும்பத்துக்கு என்றைக்குமான நாற்காலி.

இதை அரசியல் முதலீடு என்று நான் சொல்வதற்குக் காரணம் துணைவேந்தர் பட்டியல். 1935-ல் சீனிவாச சாஸ்திரி. 1940-ல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு, அதே 1937 மந்திரிசபையின் தலைவர். 1951-ல் ஆர்.கே. சண்முகம் செட்டியார், சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி, பதவி போனபின். அவருக்கு அடுத்து சர் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் திவானாக இருந்தவர். எல்லோரும் பெரிய அறிவாளிகள், சந்தேகமில்லை. ஆனால் அதிகாரத்திலிருந்து இறங்கின பெரிய மனிதர்களுக்குக் கௌரவமான ஒரு நாற்காலி கொடுக்கும் நிலையில் ஒரு குடும்பம் இருந்தது என்பதும் பட்டியலிலேயே தெரிகிறது.

நல்லதும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. தமிழாராய்ச்சிக்கு அந்த இடம் செய்ததை யாரும் மறுக்க முடியாது. 1940-களின் தமிழிசை இயக்கத்துக்கு முதுகெலும்பே அண்ணாமலை செட்டியார் பணம்தான். நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே படித்தவர்கள்.

பர்மாவில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம்தான் வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். கேட்ட பணத்துக்குப் பதில் கேட்காத நிலம். அதோடு பர்மியர்களின் கோபமும். 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது, 1942-ல் ஜப்பான் வந்தது, 1948-ல் நில தேசியமயச் சட்டம். அண்ணாமலை செட்டியார் இறந்ததும் அதே 1948 ஜூனில். சிதம்பரத்தில் போட்ட 20 லட்சத்தை ரங்கூனில் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். தொழிலதிபராகப் பார்த்தாலும் அவருடைய மிகப் பத்திரமான முதலீடு அந்த நன்கொடைதான் என்பது என் கணிப்பு.

(இடையில் ஒன்று. இவர்களின் பாங்க் ஆஃப் செட்டிநாடு வருமானவரித் துறையோடு நடத்திய வழக்கு 1940-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வரி வழக்கில் பரிவர்த்தனையின் ‘சாரம்’ என்ன என்று தேடாதே, சட்ட வடிவம் என்ன என்று பார் என்பதற்கு அந்தத் தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். வரி வக்கீல்களுக்குச் செட்டிநாடு என்றால் சிக்கன் ஞாபகம் வராது, இதுதான் வரும்.)

1950-ல் அரசியலமைப்பு வந்து பட்டங்கள் முடிந்தன. ‘ராஜா’ பேச்சு வழக்கில் மட்டும் மிஞ்சியது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தபின் முத்தையா செட்டியார் காங்கிரஸில் நின்று 1957-ல் காரைக்குடியில் ஜெயித்தார். 1962-ல் அதே தொகுதியை சுதந்திராக் கட்சியின் சா. கணேசன், நம்ம கம்பன் அடிப்பொடி, பிடித்தார். பின்னாளில் சிவகங்கையில் ஏழு முறை ஜெயித்த ப. சிதம்பரம் மகள் வழியில் அண்ணாமலை செட்டியாரின் பேரன்தான். ஆனால் அந்த ஓட்டுகள் அரண்மனைக்கு விழுந்தவை என்று சொல்ல மாட்டேன். கட்சியும் கூட்டணியும் மாறியபோது 1999-ல் தோற்கவும் செய்தார். மகன் வழிப் பேரன் எம்.ஏ.எம். ராமசாமி 2004-ல் மாநிலங்களவைக்குப் போனார், அதுவும் மதச்சார்பற்ற ஜனதா தளம் சார்பில், கர்நாடகத்திலிருந்து. எந்த மாநிலத்தவரும் எந்த மாநிலத்திலிருந்தும் போகலாம் என்று 2003-ல்தான் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. தாத்தா போனதும் மேல்சபை, பேரன் போனதும் மேல்சபை. இரண்டிலும் பொதுமக்கள் ஓட்டுப் போடவில்லை.

இத்தனை மாற்றத்திலும் அந்த 1928 சட்டம் அப்படியே இருந்தது. நீதிக்கட்சி போனது, வெள்ளைக்காரன் போனான், காங்கிரஸ் வந்து போனது, திமுகவும் அதிமுகவும் மாறி மாறி வந்தன. 1984-ல் முத்தையா செட்டியார் இறந்ததும் இணைவேந்தர் பதவி ராமசாமிக்கு வந்தது, தேர்தலோ நியமனமோ இல்லாமல்.

அது முடிந்தது கடன் சுமையில். தொலைதூரக் கல்வியால் மாணவர் எண்ணிக்கை பெருகியது, ஊழியர் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது, சம்பளம் கொடுக்க வழியில்லாமல் 2012 கடைசியில் சம்பளக் குறைப்பு, ஆள்குறைப்பு என்ற பேச்சு வந்தது. ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் அரசு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது. அந்த வருஷமே புதிய சட்டம். நிறுவனர் பதவி அதில் இல்லை. 84 வருஷம்.

விலை கொடுத்தவர்கள் யார் என்றும் பார்க்கணும். குடும்பத்துக்குச் சிமெண்ட் இருந்தது, வேறு தொழில்கள் இருந்தன. உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் ‘பணி நிரவல்’ என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைச் சேர்த்து, அங்கேயே ஓய்வு பெறலாம் என்றிருந்தவர்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் அரசு எடுத்துக்கொண்ட பின்பும் எம்.பி.பி.எஸ். கட்டணம் வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல். மற்ற அரசுக் கல்லூரிகளில் 13,000 சொச்சம். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகுதான் 2021-ல் அது சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது.

ஆக, ஆலிகார்க்கா என்று கேட்டால் என் பதில்: பாதி. அரசின் சொத்தை வாங்கிப் பணக்காரர் ஆனவர்கள் இல்லை இவர்கள். பணத்தைக் கொடுத்து அரசிடமிருந்து நிரந்தரத்தை வாங்கினவர்கள். கிரிவோரிஷ்ஸ்டாலை ஒரே வருஷத்தில் திரும்ப எடுத்துவிட்டார்கள். சிதம்பரத்து ஷரத்தை எடுக்க ஐந்து தலைமுறை மாணவர்கள் படித்து முடிக்க வேண்டியிருந்தது. புதிய சட்டப்படி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர், அந்தந்தக் காலத்து உயர்கல்வி அமைச்சர்.