புது நாடகமும் பொருட்கொடையும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, நாடகத்தின் பொருளியலை ஆராய்வார்க்கும் பயன்படுவதொன்றாகும். ஐந்தாம் வயதிற் பயிலத் தொடங்கிய மாதவி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிற் சோழமன்னன் அவையில் ஆடித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என்னும் அறுவரின் தகுதியையும் இளங்கோவடிகள் தனித்தனியே விரித்துரைக்கின்றார். பரிசு ஒரு நாளிற் கிடைத்தது. அவ்வறுவரும் உழைத்ததோ ஏழாண்டு. அந்த ஏழாண்டின் செலவை எவரேனும் தாங்கியிராவிடின் பரிசு பெறும் அந்நாள் வந்திராது. நாடகத்துக்கு உதவுதல் யாது என்னும் வினாவுக்கு விடை இங்கேயே தொடங்குகின்றது.

கவிதையும் சிறுகதையும் ஒருவர் தனித்திருந்து எழுதி முடிக்கத்தக்கவை. நாடகம் அத்தகையதன்று. எழுத்துப்படி அதன் வித்து மாத்திரமே. அதனை நடிகர் வாய்விட்டு வாசித்தல் வேண்டும். வாசிக்குங்கால் நொண்டும் இடங்களை ஆசிரியர் திருத்துதல் வேண்டும். ஆட்டமும் பாட்டும் அசைவும் சேர்த்துப் பலகாற் பயிலுதல் வேண்டும். சிறிய அவையொன்றின் முன்னர் ஆடிப்பார்த்து மீண்டும் மாற்றுதல் வேண்டும். இவ்வளவுக்கும் பின்னரே அது மேடைக்கு உரியதாகும். இக்காலத்தில் நுழைவுச் சீட்டு விற்பனையில்லை, வருவாய் சிறிதுமில்லை. செலவோ நாளும் உண்டு. பழைய நாடகத்தை மீள ஆடுவோர்க்கு இப்படிகளுட் பல முன்னரே கடந்தவை. புது நாடகம் செய்வோரே முழுச்சுமையையும் தாங்க நேர்கின்றது.

மட்டக்களப்பு நாட்டுக்கூத்து மரபு இவ்வுண்மையை நன்குணர்ந்த மரபாகும். கூத்தருக்குப் பாத்திரம் பகிர்ந்து சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என அங்கே படிகள் வகுக்கப்பட்டுள்ளன. அண்ணாவியாரின் உழைப்பையும் மாதக்கணக்கான பயிற்சியையும் ஊரே தாங்கியது. அரங்கேற்றத்தின் முன்னரே ஊரார் வந்திருந்து கண்டு குறைநிறை கூறினர். இக்காலத்து அறிஞர் நாடக வளர்ப்பு என்று கூறும் முறைமை ஊர்க்களரியில் முன்னரே நின்று நிலவிற்று.

ஆயினும் ஊர்ப்பணத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஊர் அறிந்த கதைக்கே ஊர் பணம் தரும். பாரதமும் இராமாயணமும் மீள மீள ஆடப்பட்டன. புதுப்பொருளுக்கு இடம் அரிதாயிற்று. 1913ஆம் ஆண்டிற் கொழும்பில் எழுந்த லங்கா சுபோத விலாச சபை போன்றவற்றில் ஆங்கிலங்கற்ற நடுத்தர வகுப்பார் நடித்தனர். கலையரசு சொர்ணலிங்கம் அவ்வழி வந்த பெருங்கலைஞர். சபைகளால் மேடை நாடகம் சிறப்புற்றது மெய்யே. அவற்றின் வாயிலோ எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை.

1952ஆம் ஆண்டின் சட்டத்தினால் இலங்கைக் கலைக்கழகம் தோன்றியபோது அரசின் பணம் நாடகத்தை அடையும் வழியொன்று பிறந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கூத்துக் கலைஞரை ஊக்குவித்தார். 1956ஆம் ஆண்டிற் சரச்சந்திரரின் 'மனமே' என்னும் சிங்கள நாடகம் பெற்ற வெற்றி, தமிழ்க் கூத்தினையும் அவ்வாறு புதுக்குதல் கூடும் என்னும் நம்பிக்கையை வளர்த்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டம் பயிற்ற, 1962இற் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', அவற்றின்பின் 'இராவணேசன்' என்பன மேடையேறின. விடியுமட்டும் ஆடிய கூத்து நகரமேடைக்கேற்பச் சுருங்கிற்று. இம்மாற்றம் ஒரு நாளிற் கைகூடியதன்று. பயில்தற்கு மாணவரும், கூடுதற்கு மண்டபமும், வழிகாட்டுதற்குப் பேராசிரியரும், கற்பித்தற்கு அண்ணாவியாரும் ஓரிடத்து வாய்த்தமையாற் கைகூடியது. ஊர் முன்னர் தாங்கிய சுமையை இங்கே பல்கலைக்கழகம் தாங்கிற்று.

இனி, பணம் எவர் கையில் இருக்கின்றது என்பது, அது எப்போது கிடைக்கின்றது என்பதை ஒத்த பெருவினாவாகும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் வேண்டிப் போராடினர். அப்போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் ஆக்கிய 'கந்தன் கருணை', காத்தவராயன் கூத்துப் பாணியில் அம்பலத்தாடிகள் குழுவினரால் ஆடப்பட்டது. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் ஆதரவு அதற்கு இருந்தது. கோயிற்கதவு சாத்தியோரின் கொடையில் அந்நாடகம் பிறந்திருத்தல் கூடுமோ? கூடாது. ஒடுக்கப்பட்டோர் தம் வாழ்வைத் தாமே மேடையிற் பேசல்வேண்டுமாயின், அதற்குரிய பொருளும் அவர்பாற் சார்தல் வேண்டும் என்பதே இதிற் பெறப்படுவது.

இவ்விரு வினாக்களும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் வரலாற்றிலும் தெளிவாகப் புலப்படுகின்றன. 1935இல் அந்நாட்டரசு தொடங்கிய கூட்டாட்சி நாடகத் திட்டம், கறுப்பினக் கலைஞர்க்குத் தனிப்பிரிவுகளை அமைத்துச் சம்பளம் அளித்தது. 1939இற் சட்டமன்றம் பணத்தை நிறுத்தவே அப்பிரிவுகளும் மறைந்தன. லொறெயின் ஹான்ஸ்பெரி எழுதிய 'வெயிலில் ஓர் உலர்திராட்சை' என்னும் பொருள்படும் நாடகம், 1959இல் நியூயோர்க் நகரின் பிரோட்வே அரங்கை அடையுமுன்னர், அதன் தயாரிப்பாளர் ஓராண்டுக்கு மேலாகப் பலரிடமும் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டவேண்டியதாயிற்று. 1967இல் டக்ளஸ் ரேணர் வோட் முதலியோர் நிறுவிய கறுப்பின நாடகக் குழுவுக்குப் போட் நிதியம் 4,34,000 டொலர் வழங்கிற்று. தனி நாடகமொன்றுக்கன்றி, குழுவொன்று நிலைத்து நின்று நடிகரையும் ஆசிரியரையும் பயிற்றுவதற்கு அளித்த கொடை அது. அக்குழு 1981இல் மேடையேற்றிய சாள்ஸ் புல்லரின் நாடகம் மறு ஆண்டு புலிற்சர் பரிசு பெற்றது.

ஓகஸ்ட் வில்சன் என்னும் ஆசிரியரின் வரலாறும் ஈண்டு நோக்கற்பாலது. கனெற்றிகட் மாநிலத்திலுள்ள ஓநீல் நாடக நிலையம் அவர் அனுப்பிய படிகளைப் பலமுறை மறுத்தபின் 1982இல் ஒன்றினை ஏற்றது. அங்கே எழுத்துப்படியைக் கையிலேந்தி நடிகர் வாசிக்க, ஆசிரியர் திருத்துவார். காட்சியமைப்பின் ஆடம்பரம் இராது. அவ்வாறு பண்பட்ட நாடகம் 1984இற் பிரோட்வேயை அடைந்தது. புகழ்பெற்ற பின்னரும் வில்சன் தம் இனத்தாரை மறந்தாரல்லர். பெரிய அரங்க நிறுவனங்களின் கூட்டமைப்பிலிருந்த 66 அரங்குகளுள் ஒன்றே கறுப்பினத்தாருடையது என 1996இல் ஆற்றிய பேருரையில் எடுத்துக்காட்டினார். பிறர் அரங்கில் விருந்தினராய் இருத்தல் வேறு, தமக்கென அரங்கு உடையராதல் வேறு என்பது அவர் கருத்து.

யாழ்ப்பாணத்திற் பயிற்சியின் அருமையை உணர்ந்தோர் இருந்தனர். 1978இற் குழந்தை ம. சண்முகலிங்கம் முதலியோர் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி, மேடையேற்றத்தோடு களப்பயிற்சியையும் தன் பணியாகக் கொண்டது. அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் ஊரூராக ஆடப்பட்டது. பொருள்வளம் குறைந்த அக்குழுவினர்க்குத் தம் ஓய்வுநேரமே முதலாயிற்று. அது போற்றற்குரியது, ஆயின் கலைஞரின் தியாகத்தையே என்றும் நிதியாகக் கொள்ளுதல் முறையன்று. நாட்கூலிக்கு உழைப்பவன் மூன்று மாதம் மாலைதோறும் ஒத்திகைக்கு வருதல் எளிதோ? பொருளுள்ளோர்க்கே ஓய்வு உண்டு. ஆகவே அவர் கதைகளே மேடையேறும்.

பாடசாலைகளிலும் இந்நிலை காணப்படும். தமிழ்மொழித் தினப் போட்டிக்குச் சில கிழமைகளே இருக்கையில், ஆசிரியர் முன்னர் வென்ற நாடகத்தையே நாடுவர். ஒப்பனைக்கும் உடைக்கும் பணம் திரட்டப்படும். எழுதுதற்கும் திருத்துதற்கும் ஒருவரும் பணம் ஒதுக்கார். வென்றபின் கேடயம் வரும். புது நாடகம் வாராது.

ஆதலிற் பழைய மாணவர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் தரும் நிதியிற் சிறுபகுதியையேனும் இவ்வாறு பகுத்தல் நன்று: எழுதுவோர்க்கு ஒரு தொகை, அண்ணாவியார்க்கு மதிப்பூதியம், ஒத்திகைக்கு வருவோர்க்கு வழிச்செலவும் சிற்றுண்டியும், திருத்துதற்கென ஒரு வாசிப்பரங்கு. சண்டிலிப்பாய் போன்ற ஓரூரில் இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. மண்டபங்கள் மாலையில் வெறிதே கிடக்கின்றன. புலம்பெயர்ந்த உறவினர் திருவிழாவுக்கும் கட்டடத்துக்கும் மனமுவந்து தருகின்றனர். அக்கொடையில் ஒரு பங்கு, இதுவரை மேடை காணாதவர் எழுதும் நாடகத்துக்குச் செல்லுமாயின், அடுத்த தலைமுறை கேட்டறியாத குரலொன்றைக் கேட்கும். காய்த்த மரத்துக்கு வேலி கட்டுவார் பலர். நாற்றுக்கு நீர் வார்ப்பாரே இன்று வேண்டப்படுவோர்.