மாமா எழுதின கள்ளக் கணக்கு

அக்கா பெண் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். அவளுடைய ரூபிக் க்யூபைக் கை தவறிக் கீழே போட்டேன். மூலைத் துண்டு 8, ஓரத் துண்டு 12, ஆக 20-ம் நாற்காலிக்கடியில்! பொறுக்கி, கண்டபடி செருகி, அலமாரியில் வைத்துவிட்டேன். கலைந்து கிடக்கிற சாமான்தானே, யாருக்குத் தெரியப் போகிறது?

தெரிந்தது. ஐந்து நிமிஷத்தில் ஆறு நிறத்தையும் சேர்க்கிறவள் மூன்று நாள் திருகினாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே ஒரு மூலை மட்டும் திரும்பி நின்று முறைத்தது. ‘எனக்கு மூளை மழுங்கிடுச்சு மாமா’ என்றாள். கண்ணில் நீர்.

குற்ற உணர்ச்சியில் புத்தகங்களைப் புரட்டினேன். புடாபெஸ்டில் 1974-ல் எர்னோ ரூபிக் உருவாக்கிய இந்தப் பெட்டியைத் திருகினால் வரக்கூடிய நிலைகள் சுமார் 4 லட்சத்து 32 ஆயிரம் கோடி கோடி! எதுவானாலும் 20 திருப்பலுக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010-ல் கம்ப்யூட்டரை வைத்து நிரூபித்துவிட்டார்கள்.

ஆனால், பிரித்துச் செருகினால்?

பி.காம். மூளைக்குச் சட்டென்று எட்டியது. எல்லாம் நம்ம இரட்டைப் பதிவுதான் சார்! ஒரு மூலை திரும்பினால் வேறு மூலையில் அதற்கு ஈடு விழுந்தே தீரும். ஓரங்கள் ஜோடியாகத்தான் புரளும். இரண்டே இரண்டு துண்டுகளை மட்டும் இடம் மாற்றவும் முடியாது. மூலைக்கு 3, ஓரத்துக்கு 2, இடத்துக்கு 2, பெருக்கினால் 12. கண்டபடி செருகினால் 12-ல் ஒரு தடவைதான் டாலி ஆகும்.

‘உன் மூளையில தப்பில்லம்மா. மாமா எழுதின கள்ளக் கணக்கு’ என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த மூலையை நெம்பி எடுத்து, திருப்பிச் செருகினாள். டாலி! பிறகு ஆடிட்டர் மாதிரி என்னைப் பார்த்தாள்.

‘மூணு நாள் அழுதேனே, அதுக்கு ஈடு எங்க மாமா?’