மிதக்கும் பாத்தி மட்டும் ஏரியைக் காப்பாற்றாது

கொடைக்கானல் ஏரி, ஓடைகளை மறித்து 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் முயற்சியில் உருவான சுமார் 60 ஏக்கர் நீர்த்தேக்கம். சுற்றியுள்ள சரிவுகளில் மழை அடித்துவரும் அத்தனையும் இங்கேதான் வந்து சேரும். விடுதிக் கழிவுநீர் கலக்கிறது என்பது நெடுநாள் புகார். ஏரிச்சாலைக் குதிரைகளின் சாணமும் தோட்டத்து உரமும் அதோடு சேர்ந்தால் தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறும்.

ஆபத்து என்ன?

இந்தச் சத்துகள் மிகுந்தால் பாசியும் நீர்க்களையும் பெருகும். அவை மட்கும்போது ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும். நீலப்பச்சைப் பாசிகளில் சில நச்சைச் சுரக்கும்; கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் தெரிந்தால் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் இறங்க விடாதீர்கள்.

மிதக்கும் பாத்தி என்ன செய்யும்?

இந்தச் சத்துகளைக் குறைக்க நீரில் மிதக்கவிடும் செடிப் படுக்கைதான் மிதக்கும் பாத்தி: குழாய் அல்லது மூங்கில் சட்டம், அதன்மேல் வலை, தேங்காய் நார், அதில் கல்வாழை, கோரை, சம்பு. வேர்கள் நீருக்குள் தொங்கும். அவற்றின்மேல் வழவழப்பாகப் படியும் நுண்ணுயிர்கள் நைட்ரஜன் கழிவைப் படிப்படியாக வாயுவாக்கி வெளியேற்றும். பாஸ்பரஸ் அப்படிப் போகாது. செடி கொஞ்சம் உறிஞ்சும், மீதி வண்டலில் படியும். செடியைப் பருவத்தில் அறுத்துக் கரையேற்றினால்தான் உறிஞ்சிய சத்து ஏரியை விட்டுப் போகும். அறுக்காமல் விட்டால் அழுகித் தண்ணீருக்கே திரும்பும்.

ஹைதராபாத் நெக்னாம்பூர் ஏரியில் 2018இல் ஏறத்தாழ 3,000 சதுர அடியில் இப்படியொரு பாத்தி மிதக்கவிடப்பட்டது. கொடைக்கானலில் செய்வதானால் இரண்டு எச்சரிக்கைகள். கட்டுக்கடங்காமல் பரவும் ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாம். அடுத்தது பாதரசம். பாதரசத்தைப் பயன்படுத்திய, இங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. ஏரி வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. பாத்தி அதற்கு மருந்தல்ல. அறுத்த செடியைப் பரிசோதிக்காமல் எருவாக்கவும் கூடாது.

உங்கள் உரிமை

மாசற்ற நீர், வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நீர்நிலையில் கழிவு கலப்பதைத் தடை செய்கிறது.

* கழிவுநீர் விழும் இடத்தைத் தேதியோடு படமெடுத்து, நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.
* ஏரிநீர்ப் பரிசோதனை முடிவுகளையும், சுத்திகரிப்பு வசதியில்லாத விடுதிகளின் பட்டியலையும் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.
* நடவடிக்கை இல்லையென்றால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம். பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்வது நல்லது.

பாத்தி விடப்போகிறோம் என்று யார் வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: சாக்கடை வாயை அடைத்தாயிற்றா? செடியை யார், எப்போது அறுப்பார்கள்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அது அலங்காரம்தான். அதற்குப் பொதுப்பணத்தைச் செலவிட விடாதீர்கள்.