உடம்பிலே உணவூட்டி வளர்க்கும் வட்ட மீன்

கழக்கூட்டம் கிணற்று நீரில் 'டிஸ்கஸ்' வளர்க்கலாம்

மீன் முட்டையிடும், குஞ்சு பொரிக்கும், பிறகு தன் வழியே போய்விடும். சில சமயம் தன் குஞ்சையே தின்றுவிடவும் செய்யும். மீன்களைப் பற்றி நாம் பொதுவாக அறிந்தது இவ்வளவுதான். ஆனால் தாயும் தந்தையும் சேர்ந்து, தம் உடம்பிலிருந்தே உணவு கொடுத்துக் குஞ்சுகளை ஆளாக்கும் மீன் ஒன்று உண்டு. அலங்கார மீன்களின் ராஜா என்று அழைக்கப்படும் டிஸ்கஸ்தான் அது.

தென் அமெரிக்காவின் அமேசான் நதி இதன் தாயகம். விளையாட்டு மைதானத்தில் எறியும் தட்டைப் போல வட்டமாகவும் தட்டையாகவும் இருப்பதால் இந்தப் பெயர். ஹெக்கல் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1840-ல் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார். இன்று கடைகளில் காணும் பளிச்சென்ற சிவப்பும் நீலமும் மஞ்சளும் பெரும்பாலும், வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை.

தண்ணீர் செய்யும் உதவி

அமேசானில் பிறந்த மீனுக்கும் கழக்கூட்டத்திற்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர்தான் சம்பந்தம்.

டிஸ்கஸ் வாழும் ஆறுகளில் ஓடுவது உப்புக்கள் மிகக் குறைந்த மென்மையான நீர். சற்றுப் புளிப்புத் தன்மையும் உண்டு. திருவனந்தபுரம் வட்டாரத்துச் செம்பாறை மண்ணில் தோண்டிய கிணறுகளில் பெரும்பாலும் ஊறுவதும் இத்தகைய நீரே. சோப்பு உடனே நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது என்று நம்மவர் வீட்டுப் பெண்கள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

உப்பு மிகுந்த கடின நீரிலும் டிஸ்கஸ் வாழும், முட்டையும் இடும். ஆனால் முட்டைகள் கருவுறாமல் வெளுத்துப் பூஞ்சை பிடித்துப் போவது அதிகம். எனவே அத்தகைய ஊர்களில் இயந்திரம் வைத்து உப்பு நீக்கிய நீரைக் கலக்கிறார்கள். இங்கு அந்தச் செலவு பெரும்பாலும் மிச்சம். கடலோரக் கிணறானால் மட்டும் உப்புக் கரிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிணற்று நீரை ஓர் இரவு காற்றுக் குமிழி ஓட விட்டே தொட்டியில் சேர்க்க வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரை நேரே ஊற்றினால் மீன் பிழைக்காது.

ஜோடி சேர்வது

ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்வது அனுபவசாலிக்கும் கடினம். 'ஜோடி' என்று சொல்லி விற்பதை நம்பிப் பெரும் பணம் கொடுப்பதைவிட, ஆறு இளம் மீன்களை வாங்கி வளர்ப்பது நல்லது. ஓராண்டு வாக்கில் அவையே ஜோடி சேரும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற மீன்களை விரட்டுவதே அதன் அடையாளம்.

அந்த ஜோடியை ஒன்றரை அடி நீள, அகல, உயரமுள்ள தொட்டிக்கு மாற்ற வேண்டும். சுமார் 90 லிட்டர் நீர் கொள்ளும். வெப்பம் 28 முதல் 30 டிகிரி இருக்க வேண்டும். உள்ளே மணல் வேண்டாம், செடி வேண்டாம். ஒரு மண் கூம்போ, நிறுத்தி வைத்த குழாயோ போதும். அதைக் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை வரிசையாக ஒட்டும். இரண்டரை, மூன்று நாளில் பொரியும். மேலும் இரண்டு, மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்.

முதல் ஈற்றைத் தின்றுவிட்டால் மனம் தளர வேண்டாம். புது ஜோடிகள் அப்படிச் செய்வது வழக்கம். நான்கைந்து முறைக்குப் பிறகு தேறிய ஜோடிகள் பல.

தோலில் சுரக்கும் 'பால்'

நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் நேரே பெற்றோரின் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். தோலில் சுரக்கும் கோழைதான் அவற்றின் முதல் உணவு. தாய் களைத்தால் உடலை ஒரு உதறு உதறி விலகும். குஞ்சுக் கூட்டம் தந்தையிடம் போய்விடும். இப்படி முறை வைத்துக்கொண்டு இருவரும் வளர்க்கிறார்கள்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முட்டையிட்டதும் அந்தக் கோழையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. மூன்றாவது வாரம் முதல் பெற்றோர் சிறிது சிறிதாக விலகி நீந்துகின்றன. பால் மறக்கச் செய்யும் தாயைப் போலத்தான்!

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். சீக்கிரம் விற்கலாம் என்று குஞ்சுகளை முதல் வாரத்திலேயே பிரித்தால், அத்தனையும் செத்து மிதக்கும். நீந்தத் தொடங்கி நான்கைந்து நாள் ஆனதும், உப்பு நீரில் பொரித்த ஆர்டீமியா குஞ்சுகளை நல்ல நீரில் அலசி, சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்தே பிரிக்கலாம். பிறகு நாள்தோறும் நாலைந்து வேளை தீனி, நாள்தோறும் நீர் மாற்றம்.

வாடகை வீட்டில்

வாடகை வீட்டில் இருப்போர் முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நிறைந்த தொட்டி 100 கிலோவுக்கு மேல் கனக்கும். ஐப்பசி மாலைகளில் இடி மின்னலோடு மின்சாரமும் போகும். அப்போது கம்பளியோ தெர்மோகோலோ சுற்றி வைத்தால் சூடு சட்டென்று இறங்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் ஊருக்குப் போவது. பொங்கலுக்கோ, ஒரு சாவுக்கோ வீட்டைப் பூட்டிக்கொண்டு நான்கு நாள் போனால் இரண்டு மாத உழைப்பு வீண். சொந்தபந்தம் இல்லாத ஊரில் தொட்டியை யாரிடம் ஒப்படைப்பது? பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்தோடு நல்ல பழக்கம் வேண்டும். அவர்கள் வீட்டுப் பையனுக்குத் தீனி போடவும் நீர் மாற்றவும் முன்கூட்டியே கற்றுக் கொடுத்துவிட வேண்டும்.

வேண்டாம் என்று தோன்றினாலும் மீனை ஆக்குளம், கடினங்குளம் காயல்களில் விட்டுவிடக் கூடாது. 2018 வெள்ளத்திற்குப் பின் சாலக்குடி ஆற்றில் அராபைமா போன்ற அந்நிய மீன்கள் அகப்பட்டதை மறக்கலாகாது.

சென்னைக் கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்களுக்கு வண்ண மீனே சோறு போடுகிறது. ஆனால் அவர்களும் எடுத்த எடுப்பில் டிஸ்கஸில் கை வைத்தவர்கள் அல்ல. கடன் வாங்கித் தொடங்க வேண்டாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த, விலை குறைந்த ஏஞ்சல் மீனில் ஓராண்டு கை பழகட்டும். பிறகு இந்த வட்ட மீனை வீட்டுக்கு அழைக்கலாம்.