உங்கள் பிள்ளைக்கென ஒரு கதை



இரவுச் செபம் முடிந்து படுக்கைக்குச் செல்லும் பிள்ளை, "ஒரு கதை சொல்லுங்கோ அம்மா" என்று கேட்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? நாள் முழுதும் உழைத்த களைப்பினால் பலர் கைத்தொலைபேசியைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிடுகின்றனர். அதில் ஆயிரம் கதைகள் உண்டு. ஆனால் அவற்றுள் ஒன்றுகூட உங்கள் பிள்ளையை அறியாது. அவள் இன்று பாடசாலையில் ஏன் அழுதாள், இடிமுழக்கத்திற்கு ஏன் அஞ்சுகின்றாள் என்பதை அறிந்து கதை சொல்லக்கூடியவர்கள் நீங்களே.

கேட்பவரை அறிந்து சொல்லப்படும் கதைக்கு எத்துணை வல்லமை உண்டு என்பதை விவிலியம் காட்டுகின்றது. தாவீது அரசர் தம் பெரும் பாவத்தை மறைத்து வாழ்ந்தபோது, இறைவாக்கினர் நாத்தான் குற்றச்சாட்டுடன் தொடங்கவில்லை. ஏழை ஒருவர் மகளைப்போல் வளர்த்த ஆட்டுக்குட்டியைச் செல்வர் ஒருவர் பறித்துக்கொண்ட கதையைச் சொன்னார் (2 சாமுவேல் 12). தாவீதோ இளமையில் ஆடு மேய்த்தவர். அக்கதை அவருடைய உள்ளத்தைத் தைத்தது. பிறருடைய கதையென எண்ணிச் சினந்தவர், முடிவில் அதில் தம்மையே கண்டார்.

பிள்ளைகளின் உள்ளமும் இத்தகையதே. "ஏன் பயப்படுகிறாய்?" என்று கேட்டால் நான்கு வயதுப் பிள்ளைக்கு விடை சொல்லத் தெரியாது. இடியோசை கேட்டுத் தாயின் சிறகுக்குள் ஒளிந்த கோழிக்குஞ்சின் கதையை அதற்குச் சொல்லுங்கள். "அந்தக் குஞ்சு என்ன நினைத்திருக்கும்?" என்று கேளுங்கள். குஞ்சைப் பற்றிப் பேசுவதுபோல் பிள்ளை தன்னைப் பற்றியே பேசத் தொடங்கும். அச்சம், கோபம், பொறாமை என்று தன் உணர்வுகளைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகும் பிள்ளை, அவற்றை ஆளவும் படிப்படியாகக் கற்றுக்கொள்கின்றது.

நம் மண்ணிலும் இதற்குச் சான்றுண்டு. போர் நிகழ்ந்த காலத்தில், 1996ஆம் ஆண்டு மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைக் குருவான அருட்தந்தை போல் சற்குணநாயகம், கனேடியக் கலைஞர் போல் ஹோகன் ஆகியோர் அப்பணியில் முன்னின்றனர். போரினால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு ஒன்றுகூடி வரைந்தும், நடித்தும், கதை சொல்லியும் தம் உள்ளத்துச் சுமையை இறக்கிவைக்க வழி பெற்றனர்.

கற்பனைக் கதைகளைப் போலவே குடும்பத்தின் கதையும் பிள்ளைக்கு வேண்டும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்களான மார்ஷல் டியூக், ரொபின் ஃபைவுஷ் ஆகியோர் 2001ஆம் ஆண்டளவில் பிள்ளைகளுக்கென 20 வினாக்களைத் தயாரித்தனர். பெற்றோர் எங்கு சந்தித்தனர், பாட்டனும் பாட்டியும் எங்கு வளர்ந்தனர், குடும்பத்திற்கு நேர்ந்த பெருந்துன்பம் எது என்பன போன்றவை அவை. குடும்பத்தின் கதையை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்வு தம் கைவசம் உள்ளது என்ற உணர்வும் மிகுந்திருக்கக் கண்டனர். விடைகளை மனனஞ் செய்விப்பதால் இப்பயன் கிட்டாது. உணவு வேளையில் ஒன்றாக அமர்ந்து மீண்டும் மீண்டும் கதை பேசும் உறவிலேயே அது விளைகின்றது.

எத்தகைய கதையைச் சொல்வது? பாஸ்கா வழிபாட்டின் பொருளைப் பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் அதனை விளக்கவேண்டும் என்பது இஸ்ரயேலருக்கு இடப்பட்ட கட்டளை (விடுதலைப் பயணம் 12:26-27). எகிப்தில் அடிமைகளாயிருந்ததை அவர்கள் மறைக்கவில்லை. வீழ்ச்சியையும் சொன்னார்கள், மீட்பையும் சொன்னார்கள்.

நம் இல்லங்களிலும் இடப்பெயர்வும் இழப்பும் உண்டு. சுவரில் மாலையிட்டிருக்கும் படத்தைக் காட்டி, "இவர் யார்?" என்று பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். நாம் மௌனமாய் விட்ட இடத்தைப் பிள்ளை தன் அச்சத்தால் நிரப்பிக்கொள்ளும். கொடூரங்களை விவரிக்க வேண்டியதில்லை. அவர் எப்படிச் சிரிப்பார், எதை விரும்பி உண்பார், அவரை இழந்தபின் யார் நமக்குக் கைகொடுத்தார், மீண்டும் எவ்வாறு அடுப்பு மூட்டினோம் என்பவற்றை வயதுக்கேற்பச் சொல்லுங்கள். கண் கலங்கினாலும் கலங்கட்டும். அழுதபின் எழுந்து நடக்கலாம் என்பதைப் பிள்ளை உங்களிடமிருந்தே கற்கும்.

ஒன்றை மட்டும் தவிர்த்திடுங்கள். "பேய் வரும், பொலிஸ் பிடிக்கும்" என்று மிரட்டக் கதையைப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளை செய்த தவற்றைக் கதையாக்கி உறவினர் நடுவே நகையாடாதீர்கள். முடிவில் அறிவுரையைத் திணிக்காதீர்கள். சில வேளைகளில் முடிவைப் பிள்ளையே சொல்லட்டும்.

அம்மம்மாவும் அப்பப்பாவும் அருகிலிருந்தால் அவர்களிடம் பிள்ளைகளை அமரச் செய்யுங்கள். கடல்கடந்து வாழ்ந்தால் தொலைபேசியிலேனும் கதை கேட்கச் செய்யுங்கள். அவர்களோடு புதைந்துவிடும் கதைகளைப் பிறகு எவரும் மீட்டுத் தர முடியாது.

இன்றிரவு பத்து நிமிடங்கள் போதும். பிள்ளை பிறந்த நாளின் கதையிலிருந்து தொடங்குங்கள். தான் எவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கப்பட்டேன் என்பதைக் கேட்டுக்கொண்டே அது உறங்கட்டும்.