மறைமொழியும் திறவுகோலும்

எழுதிய செய்தி பிறர் கைப்படினும் அதன் பொருள் அவர்க்குப் புலனாகாதிருத்தல் வேண்டும் என்னும் நோக்கத்தாற் பிறந்ததே மறைமொழிக் கலையாகும். இன்று இது கணிதத்தோடு இயைந்த ஒரு துறையாகப் பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படுகின்றது. இத்துறையிற் புகும் மாணவன் மறைக்கும் வழியினை மட்டுமன்றி, மறைத்ததை உடைக்கும் வழியினையும் தொடக்கத்திலேயே பயிலல் வேண்டும். அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

உரோமத் தளபதியாகிய யூலியசு சீசர் ஒவ்வோர் எழுத்தையும் நெடுங்கணக்கு வரிசையில் மூன்றிடந் தள்ளி எழுதினார் என்பர். தமிழ் மெய்களை இவ்வாறே ஓரிடந் தள்ளின், ‘கடல்’ என்பது ‘ஙணவ்’ என்றாகும். இங்கே தள்ளி எழுதுதல் முறை; எத்தனையிடம் என்னும் எண்ணே திறவுகோல். மெய்கள் 18 ஆதலின், பயன்தரு திறவுகோல்கள் 17 மட்டுமே. அவற்றை ஒவ்வொன்றாய்ச் சோதிப்பவன் சிறிது நேரத்திற் பொருளைக் கண்டுவிடுவான்.

வரிசை பாராது மெய்களை மனம்போல் இடமாற்றினால், திறவுகோல்களின் தொகை 64 கோடியைக் கோடியாற் பெருக்கிய எண்ணையும் விஞ்சும். எனினும், இதுவும் அரணன்று. மொழியில் எல்லா எழுத்துக்களும் ஒரே அளவில் வருவதில்லை. மறைமொழியில் மிகுதியாய் வரும் குறி, அம்மொழியில் மிகுதியாய் வழங்கும் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். 9 ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் அறிஞர் இவ்வுண்மையை விளக்கி நூல் செய்தார்.

இதனை உணராமையால் விளையுங் கேட்டிற்கு இசுக்கொத்துலாந்தின் அரசி மேரியின் வரலாறு சான்றாகும். இங்கிலாந்திற் சிறையிருந்த அவர், 1586 ஆம் ஆண்டில் அந்தோணி பபிங்ரன் என்பவரோடு மறைகுறிகளாற் கடிதந் தொடர்பு கொண்டார். எலிசபெத்து அரசியைக் கொல்லும் சதி அக்கடிதங்களில் இருந்தது. எழுத்துக்களுக்கன்றிச் சில சொற்களுக்குந் தனிக்குறிகள் அமைந்திருந்தமையால், தம் மறைமொழி உறுதியானதென மேரி நம்பினார். நம்பியதனாலேயே ஒளியாது எழுதினார். அமைச்சர் வால்சிங்கத்தின் பணியாளரான தோமசு பெலிப்சோ அவற்றைப் படித்தறிந்தார். 1587 பெப்ரவரி 8 ஆந் திகதி மேரி சிரச்சேதம் செய்யப்பட்டார். மறைமொழியே இல்லாதிருப்பின் அவர் எச்சரிக்கையோடு எழுதியிருத்தலுங் கூடும்.

எனவே, உறுதியான மறைமொழி யாது? 1883 ஆம் ஆண்டிலே ஓகுஸ்ற் கேர்க்கோவ்சு என்பார் இதற்கு விடை கூறினார். முறை பகைவர் கைப்பட்டாலும் கேடு விளைதலாகாது. இரகசியம் திறவுகோலிலேயே தங்குதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

1977 ஆம் ஆண்டில் இறிவெசுற், சமீர், அடில்மன் என்னும் மூவர் வகுத்த முறை இக்கொள்கைக்கு நல்லுதாரணம். 53, 61 என்னும் முதன்மையெண்களைப் பெருக்கி 3233 எனக் காண்டல் எளிது. 3233 இனைத் தந்து அதன் காரணிகளைக் கேட்பின் விடைகாணல் அத்துணை எளிதன்று. எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உடையனவாயின் இன்றைய கணினிகளும் தடுமாறும். இம்முறை அனைவரும் அறிய அச்சிடப்பட்டுள்ளது. குவாண்டக் கணினி போதிய வலிமையோடு அமையின் இது உடையும் என்பதை 1994 இற் பீற்றர் சோர் காட்டினார். அக்குறை மறைக்கப்படாமையாலன்றோ அறிஞர் மாற்றுமுறைகளை முன்கூட்டியே வகுத்து வருகின்றனர்!

பலரும் உடைக்க முயன்றும் உடையாது நின்றதே நம்பத்தக்கது. ஆதலின், உடைக்கக் கல்லாதவன் காக்கவுங் கல்லாதவனே என்க.